தாத்தா, கண்ணை மூடுங்க!

2010-ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில் தென்சீனக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. அது மெல்ல மேற்கே நகர்ந்து தாய்லாந்தின் தெற்குப் பகுதியையும் நம் கெடா, பெர்லிஸ் மாநிலங்களையும் மழையில் முக்கி எடுத்தது. அலோர் ஸ்டார் விமான நிலையத்தின் ஓடுபாதை தண்ணீருக்குள் போனது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வாகனங்கள் நின்றன. ஜித்ரா, குபாங் பாசு வட்டாரத்து நெல்வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஏரியாகக் கிடந்தன. பல்லாயிரம் பேர் துணிமணியோடு நிவாரண மையங்களுக்குப் போனார்கள். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 5. வெள்ளம் முழுதாக வடிவதற்குள் தீபாவளி வந்துவிட்டது.

அந்தத் தாழ்வு இங்கேயே கரைந்துவிடவில்லை. நம் தீபகற்பத்தைத் தாண்டி வங்கக் கடலில் இறங்கி, வலுத்து, ‘ஜல்’ என்ற புயலாகி, நவம்பர் 7-ஆம் தேதி சென்னைக்கு அருகே கரையேறியது. அலோர் ஸ்டாரில் கொட்டிய மழையும் சென்னையில் கொட்டிய மழையும் ஒரே தாழ்வின் வேலை!

டிசம்பர் மாதம் தொலைக்காட்சியைப் போட்டால் எங்கோ ஓர் ஊரில் பனி முழங்கால் அளவு குவிந்திருக்கும். அந்த ஊர்களில் குளிர்காலத்தில் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது, சாலை மூடிக்கிடக்கும்போது மருந்தை எப்படி வாங்குவது என்றெல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பார்கள். நமக்குத்தான் குளிர்காலமே கிடையாதே என்று நினைக்கிறீர்களா? உண்டு. அது நம்மிடம் மழையாக வந்து சேர்கிறது. ஆண்டின் கடைசி மாதங்களில் சைபீரியாவின் தரை உறைந்துபோகிறது. அதன்மேல் இருக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, தெற்கு நோக்கி வழிகிறது. வருகிற வழியில் வெதுவெதுப்பான தென்சீனக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. அதுதான் வடகிழக்குப் பருவக்காற்று. டிசம்பரில் கிளந்தானும் திரங்கானுவும் அதன் முழு மழையையும் வாங்கிக்கொள்கின்றன. நமக்கு நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் நிற்பதால், கெடாவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் பெருமழை. ஜனவரி பிறந்தால் வானம் வறண்டு, பால்மரங்கள் இலையைக் கொட்ட ஆரம்பித்துவிடும்.

ஆக, நம் ஊரின் கடுங்காலம் இந்த மழைக்காலம்தான். மழை என்றதும் சளி, இருமல், டெங்கி என்று வரிசையாகச் சொல்வீர்கள். அவை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பள்ளியிலும் சொல்லித்தருகிறார்கள். நான் சொல்லவந்தது பலருக்குப் பெயரே தெரியாத ஒரு நோயைப் பற்றி. அது கெடா மண்ணில் வாழ்கிறது. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வருவதில்லை. நம் காலடிச் சேற்றிலேயே இருக்கிறது. நம் வீட்டில் அது யாரைக் குறிவைக்கும், அவரைக் காப்பாற்ற பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ரங்கூனுக்குப் போவோம். ஆண்டு 1911. ரங்கூன் பொது மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவர் வேலை பார்த்தார். இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்து, எதனால் இறந்தார்கள் என்று கண்டுபிடிப்பது அவருடைய பணி. அவருக்குத் துணையாக இருந்தவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. தெருவில் படுத்துறங்கும் ஏழைகள் சிலர் காய்ச்சல் கண்டு இறந்துபோக, அவர்களின் உடலைத் திறந்து பார்த்தபோது இருவரும் திகைத்தார்கள். நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள்! குதிரைகளுக்கு ‘கிளாண்டர்ஸ்’ என்று ஒரு நோய் உண்டு. பார்க்க அதே மாதிரி இருந்தது. ஆனால் இந்த மனிதர்களுக்கும் குதிரைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சீழை எடுத்து, கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். கிளாண்டர்ஸ் கிருமி தானாக நகராது. இது நீந்தியது. கிளாண்டர்ஸ் கிருமி மெதுவாக வளரும். இது சீக்கிரம் வளர்ந்தது. அப்படியானால் இது வேறு கிருமி, உலகம் அதுவரை அறியாத நோய்! 1912-இல் ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ என்ற இதழில் இருவர் பெயரையும் போட்டுக் கட்டுரை வந்தது. பிறகு பல புத்தகங்களில் அது ‘விட்மோர் நோய்’ ஆகிவிட்டது. கிருஷ்ணசாமியின் பெயர் அடிக்குறிப்புகளில் மட்டும் தங்கியது. அவர் பெயரையும் நீங்கள் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

கதையின் அடுத்த பகுதி நம் நாட்டில் நடக்கிறது. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இன்றும் இருக்கிறது. அங்கே 1913-இல் ஆய்வுக்கூடத்துச் சீமைப் பெருச்சாளிகளும் முயல்களும் திடீரென்று செத்து விழுந்தன. ஸ்டான்டன், பிளெட்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விடாமல் துருவி, ரங்கூன் கிருமியேதான் இங்கும் என்று நிறுவினார்கள். 1921-இல் நோய்க்கு ‘மெலியோய்டோசிஸ்’ என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். எலிகள்தான் இதைப் பரப்புகின்றன என்று அவர்கள் எண்ணினார்கள். அது சரியில்லை என்று தெரிய இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1950-களில் வியட்நாமில் சேற்றையும் தண்ணீரையும் எடுத்துச் சோதித்தபோது கிருமி அதிலேயே கிடைத்தது. எலி வேண்டாம், கொசு வேண்டாம், இருமுகிற மனிதன் வேண்டாம். மண்ணே அதன் வீடு.

சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தக் கிருமியின் இரண்டு முனைகளும் அடர்ந்து, நடுப்பகுதி வெளிறி, அம்மா சேலையில் குத்தும் சேஃப்டி பின் போலத் தெரியும். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் நூற்றுக்கணக்கான கிருமிகளை வரிசையாக நிறுத்திவிடலாம். அதன் பிடிவாதம் பெரிது. தாய்லாந்து ஆய்வாளர்கள் அதைச் சுத்தமான காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைத்தார்கள். உண்ண ஒன்றுமே இல்லாத அந்த நீரில் 16 ஆண்டுகளுக்குப் பிறகும் அது உயிரோடு இருந்தது!

வறண்ட மாதங்களில் இது மண்ணுக்குள் ஆழத்தில் கிடக்கும். மழை பெய்து நிலத்தடி நீர் மேலே ஏறும்போது கிருமியும் மேல்மண்ணுக்கு வந்துவிடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிறகு மூன்று வழிகளில் அது உடம்புக்குள் நுழையலாம். காலில் இருக்கும் கீறல் வழியே போகலாம். சுத்தம் செய்யாத தண்ணீரைக் குடித்தால் வயிற்றுக்குள் போகலாம். புயற்காற்றோடு பெருமழை அடிக்கும்போது காற்றில் தெறிக்கும் நுண்துளியாக மூச்சுக்குள்ளும் போகலாம். ஆளுக்கு ஆள் தொற்றுவது மிக மிக அபூர்வம். ஆகவே நோய் வந்தவரைப் பார்த்து யாரும் ஒதுங்கி நிற்கவேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசலாம்.

உள்ளே போன கிருமி பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் வேலையைக் காட்டும். காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி, ஆறாத புண், உடம்புக்குள் கட்டிகள் என்று ஆளுக்கொரு வேடம் போடும். சில சமயம் சும்மா படுத்துத் தூங்கவும் செய்யும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஓர் அமெரிக்கப் போர்வீரருக்கு, உள்ளே போன கிருமி 62 ஆண்டுகள் கழித்துக் கையில் புண்ணாக வெளிப்பட்டது.

இதெல்லாம் எங்கோ நடப்பதில்லை. அலோர் ஸ்டாரில் இருக்கும் சுல்தானா பஹியா மருத்துவமனையின் மருத்துவர்கள் 2005 முதல் 2008 வரை வந்த நோயாளிகளைக் கணக்கெடுத்து 2010-இல் வெளியிட்டார்கள். அலோர் ஸ்டார் வட்டாரத்தில் ஓர் ஆண்டில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 16 பேர் இந்த நோயால் படுத்திருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒருவர் பிழைக்கவில்லை. இன்னொரு எண்ணையும் கவனியுங்கள்: நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நீரிழிவு உள்ளவர்கள். நம் வீட்டுப் பேச்சில் ‘இனிப்பு நீர்’ என்றும் ‘சக்கரை’ என்றும் சொல்கிறோமே, அதுதான்.

இனி நம் வீட்டை எண்ணிப் பாருங்கள். 2019-இல் சுகாதார அமைச்சு நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் பத்தில் மூன்று பேருக்கு. சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம், கோல கெட்டில் என்று நம் உறவினர் இருக்கும் எந்த ஊரிலும் ஒரு திருமணப் பந்தியைப் பாருங்கள்; இலை போடும் முன்பே மாத்திரை போடுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களில் பலர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் வரிசைக்கு, நின்று, ஈரப் புல்லில் பால் வெட்டப் போனவர்கள். லயத்தைவிட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகும் மண்ணைவிட மனம் வராது. வீட்டுக்குப் பின்னால் வெண்டைக்காய் போடுவார்கள், வாழை நடுவார்கள், கால்வாய் அடைத்துக்கொண்டால் இறங்கிக் குத்திவிடுவார்கள். மழைக்காலத்தில் இந்த வேலைகள்தான் அதிகம். அதுவும் வெறுங்காலில், மிஞ்சிப்போனால் சிலிப்பரில்.

நீரிழிவு இருந்தால் கிருமிக்கு ஏன் கொண்டாட்டம்? காரணம் இரண்டு. இரத்தத்தில் சர்க்கரை கூடி நிற்கும்போது, கிருமியைத் தேடிப்பிடித்து விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. இந்தக் கிருமியோ விழுங்கிய செல்லுக்குள்ளேயே உயிர்பிழைத்து, அங்கிருந்து பக்கத்துச் செல்லுக்குள் நுழையும் வித்தை தெரிந்தது. காவலர் மந்தமாக இருந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது காரணம் கால்விரலில் இருக்கிறது. நம் உடம்பிலேயே மிக நீளமான நரம்புகள் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்பட்டுக் கால்விரல் நுனிவரை போகின்றன. பெரியவர்களுக்கு அது ஒரு மீட்டர் நீளம் இருக்கும். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கூடியிருந்தால் நரம்புகள் கெடும். நீளமான நரம்புகள் முதலில் கெடும். ஆகவே உணர்ச்சி முதலில் குறைவது கால்விரல் நுனியில்தான். ஆணி குத்தினாலும் தெரியாது. சிலிப்பர் வார் உரசித் தோல் வழன்றாலும் தெரியாது. தாத்தா நொண்டாமல் நடந்து வருவார். ‘காலில் ஒன்றுமில்லை’ என்று உண்மையாகவே நம்பிச் சொல்வார். காயம் இருப்பதைச் சொல்லவேண்டிய நரம்பு பேசுவதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

அந்த நரம்பு பேசுகிறதா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவமனையில் உருவாக்கியது. கருவி எதுவும் வேண்டாம். உங்கள் ஆள்காட்டி விரல் போதும். வீட்டிலிருப்பவர்களே செய்து பார்க்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு.

தாத்தாவை, அல்லது பாட்டியை, காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். முதலில் அவருடைய வலது காலைத் தொட்டு ‘இது வலது’ என்றும், இடது காலைத் தொட்டு ‘இது இடது’ என்றும் சொல்லிவிடுங்கள். “தாத்தா, கண்ணை மூடுங்க. நான் விரலைத் தொடும்போது வலதா இடதான்னு சொல்லுங்க” என்று கேளுங்கள். பிறகு இந்த வரிசையில் தொடுங்கள்: வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். மொத்தம் ஆறு தொடுதல். ஒவ்வொன்றும் இறகு பட்டதுபோல மெல்ல, ஒன்றிரண்டு விநாடிதான். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, கிச்சுகிச்சு மூட்டவும் கூடாது. அழுத்தினால் வேறு நரம்புகள் விழித்துக்கொண்டு பதில் சொல்லிவிடும், சோதனை கெட்டுவிடும். தாத்தா பதில் சொல்லாத விரலை இரண்டாம் முறை தொடாதீர்கள். ‘உணரவில்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போங்கள்.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ உணரவில்லை என்றால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. அந்தக் குறிப்பை அவருடைய கிளினிக் புத்தகத்தில் செருகி வையுங்கள். அடுத்த முறை அரசாங்க கிளினிக்குக்குப் போகும்போது அப்பாவோ அம்மாவோ மருத்துவரிடம் காட்டட்டும். ஆறையும் உணர்ந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் மழைக்காலத்தில் காலைப் பார்க்கும் வேலை அதனால் குறைந்துவிடாது.

அந்த வேலை இதுதான்: சாயங்காலம் குளித்து முடித்ததும் தாத்தாவின் உள்ளங்கால், குதிகால் வெடிப்பு, விரல் இடுக்கு எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. வயதானவர்களுக்குக் குனிந்து தம் உள்ளங்காலைப் பார்ப்பது கடினம். கண் பார்வையும் மங்கியிருக்கும். உங்களுக்குக் கண் கூர்மை, உடம்பு வளையும். புதிய வெடிப்போ சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, ஈரம் புகாத கட்டால் மூடிவிட்டு, அது ஆறும்வரை தாத்தா தோட்ட வேலைக்கு லீவு எடுக்கவேண்டும். மற்ற நாளிலும் சேற்றில் இறங்கினால் ரப்பர் பூட்ஸ். ‘ஆயுசு பூரா வெறுங்காலோடதான் நடந்தேன்’ என்பார். நடந்திருப்பார், அப்போது அவருக்கு இனிப்பு நீர் இல்லை என்று பதில் சொல்லுங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்களும் தாலசீமியா உள்ள பிள்ளைகளும் இதே மாதிரி எச்சரிக்கையாக இருக்கவேண்டும். நோய் எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கு இது வருவது குறைவு. வரவே வராது என்று நினைத்து வெள்ளத் தண்ணீரில் குதித்து விளையாடிவிடாதீர்கள். அந்தத் தண்ணீரில் இன்னொருவரும் இருக்கிறார்.

அவர் லெப்டோஸ்பைரா. நீரில் திருகாணியாகச் சுழன்று முன்னேறும் மெல்லிய கிருமி. எலியின் சிறுநீரகத்துக்குள் அதற்கு வசதியான இடம். எலிக்கு அதனால் ஒரு துன்பமும் இல்லை. ஆனால் அது சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் கிருமி வெளியே வரும். வெள்ளம் வந்தால் வளைகளெல்லாம் நிரம்பி, எலிகள் மேட்டுக்கு ஓடிவர, எல்லாம் ஒரே தண்ணீரில் கலந்துவிடுகிறது. நெடுநேரம் நனைந்து ஊறிய தோல் கிருமிக்கு எளிதில் வழிவிடும். கண் சிவப்பு, கெண்டைக்காலில் தொட முடியாத வலி, காய்ச்சல், சிலருக்கு மஞ்சள் காமாலை என்று நோய் வெளிப்படும். கோலாலம்பூரில் மெலியோய்டோசிஸுக்குப் பெயர் வைத்த அதே பிளெட்சர்தான் 1920-களில் மலாயாவில் இந்த நோயையும் கண்டு எழுதியவர்.

இரண்டு கிருமியும் ஒரே நீரில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாடு 2010-இல் பார்த்தது. பகாங்கில் லூபுக் யூ என்ற நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடி மீட்புப் படையினரும் கிராம மக்களும் தண்ணீரில் இறங்கினார்கள். பிறகு அவர்களில் பலர் நோயில் விழுந்தார்கள். எட்டுப் பேர் இறந்துபோனார்கள். இரண்டு நோய்களும் அங்கே கண்டுபிடிக்கப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் வந்தால் மருத்துவர்கள் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டும் என்று அரசு விதி செய்தது.

எலி என்றதும் ஆந்தை நினைவுக்கு வருகிறது. செம்பனைத் தோட்டங்களில் உயரமான கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கூகை என்ற ஆந்தைக்கு வைத்த கூடு. ஒரு ஜோடி கூகையும் அதன் குஞ்சுகளும் ஓர் ஆண்டில் நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்னும். இரவில் அது அலறினால் வீட்டில் யாராவது கெட்ட சகுனம் என்று சொல்லக்கூடும். எலிக்குத்தான் கெட்ட சகுனம். அந்தப் பெட்டிமேல் கல்லெறிகிற நண்பர்களைத் தடுத்து நிறுத்துங்கள்.

சரி, 2010-இல் வந்ததுபோல வெள்ளம் வீட்டுக்கே வந்துவிட்டால்? 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங்கில் அதுதான் நடந்தது. இனாஸ் மலையிலிருந்து மரத்தடிகளோடு வெள்ளம் இறங்கி, குப்பாங் வட்டாரத்துக் கிராமங்களைச் சேறாக்கிப் போட்டது. மூன்று பேர் உயிரிழந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் மூட்டை கட்ட நேரம் கிடைக்காது. ஆகவே முன்கூட்டியே ஒரு தண்ணீர் புகாத பையில் தாத்தாவின் மாத்திரைகளில் ஒரு வாரத்துக்கானதையும், கிளினிக் புத்தகத்தின் நகலையும் போட்டு ஆணியில் மாட்டி வைக்கலாம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால், தண்ணீர் வாசலுக்கு வரும்வரை காத்திருக்காமல் மேட்டுப் பகுதி உறவினர் வீட்டுக்கு முதலில் அவரை அனுப்பவேண்டும். ஒரு முறை தவறினாலே அவர் உடம்பில் நீரும் உப்புகளும் தேங்கிவிடும்.

இன்சுலினைப் பற்றி ஒன்று. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டும். மின்சாரம் போனாலும் திறக்காமல் மூடிவைத்த ஐஸ்பெட்டி சுமார் நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பேனாவோ, பெரும்பாலான வகைகளில், 30 பாகைக்குக் கீழே ஏறத்தாழ நான்கு வாரம் வெளியிலேயே தாங்கும். எத்தனை நாள் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டிருக்கும். ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்தால் குளிருமே என்று பாட்டி சொல்லலாம். பாட்டி சொல்வதில் அறிவியல் இருக்கிறது: நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் காற்று வறண்டிருந்தால்தான் நீர் வேகமாக ஆவியாகும். பிப்ரவரியில் கெடாவில் அந்தப் பானை நன்றாகக் குளிரும். நவம்பர் மழையில் காற்றே நீரால் நிறைந்திருக்கும்போது பானை அவ்வளவாகக் குளிராது. ஒரே ஊர், ஒரே பானை. மாதம் மாறினால் விடை மாறுகிறது. நீங்களே இரண்டு வெப்பமானிகளை வைத்து அளந்து பார்க்கலாம். ஐஸ்கட்டியோடு நேராக ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பிறகு பயன்படாது.

இவ்வளவுக்கும் பிறகு காய்ச்சல் வந்துவிட்டால்? முன்பெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருப்பார். யார் எந்த நிரையில் வேலை செய்தார், எந்த ஓடையில் இறங்கினார் என்பதெல்லாம் அவருக்குக் கேட்காமலே தெரியும். இன்று கூட்டம் நிறைந்த கிளினிக்கில் புதிதாக வந்திருக்கும் மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை. நாம்தான் சொல்லவேண்டும். தாத்தாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது. போன வாரம் கால்வாய்ச் சேற்றில் இறங்கினார். இடது குதிகாலில் வெடிப்பு இருந்தது. இந்த மூன்று செய்தியும் ஏன் முக்கியம் தெரியுமா? இரத்தத்தை எடுத்து ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்து அடையாளம் காண இரண்டு மூன்று நாளாவது ஆகும். கடுமையாகத் தாக்கும் மெலியோய்டோசிஸ் அவ்வளவு நேரம் தராது. பென்சிலின் போன்ற வழக்கமான மருந்துகளும் அதனிடம் பலிக்காது. சேறும் சர்க்கரையும் சேர்ந்த கதை காதில் விழுந்தால், முடிவு வரும்வரை காத்திராமல் மருத்துவர் சரியான மருந்தைத் தொடங்கிவிட முடியும். அந்த மருந்தின் பெயர் செஃப்டாசிடிம். தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைக் கொடுத்தபோது இறப்பு பாதியாகக் குறைந்தது என்று 1989-இல் தெரியவந்தது.

மருத்துவமனையில் குறைந்தது பத்துப் பதினான்கு நாள் இரத்தக்குழாய் வழியே அந்த மருந்து ஏறும். காய்ச்சல் விட்டு, தாத்தா வீட்டுக்கு வந்து, நாசி லெமாக் கேட்கத் தொடங்கிவிடுவார். சிகிச்சை அப்போது பாதிகூட முடிந்திருக்காது. செல்களுக்குள் ஒளிந்திருக்கும் மிச்சக் கிருமியை ஒழிக்க இன்னும் மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை தினமும் போடவேண்டும். உடம்பு தேறிவிட்டதே என்று நடுவில் நிறுத்தியவர்களிடம் நோய் திரும்பி வந்திருக்கிறது. நவம்பரில் படுத்தவருக்கு மாத்திரை முடியும்போது தைப்பூசமே வந்து போயிருக்கும். கோயில் காலண்டரில் ஒவ்வொரு நாளும் மாத்திரை போட்டதும் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவரும் பொறுப்பை, வீட்டில் உள்ள பிள்ளைகளில் யாராவது ஒருவர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.